பாட்டி கையில் தேள், பேரன் கையில் நருட்டோ

மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக்கொள்ளைக்குக் காவேரிப்பட்டினம் போயிருக்கிறீர்களா? தென்பெண்ணைக் கரையில் எங்கே திரும்பினாலும் காளிதான். அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் முகத்தில் நீலமும் சிவப்பும் பூசி, நாக்கைத் தொங்கவிட்டு, கையில் சூலத்தோடு வருவார்கள். நேற்றுவரை சிப்காட் ஷிப்டுக்கு பஸ் ஏறிய பையனை அன்றைக்கு அவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. சாயங்காலம் எண்ணெய் தேய்த்து முகம் கழுவினால் காளி போய்விடுவாள், பையன் திரும்பி வந்துவிடுவான்.

கழுவினாலும் போகாத காளியும் உண்டு. அதே பையன் அடுத்த மாதச் சம்பளத்தில் கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ போய், செல்போனில் வைத்திருக்கும் காளி படத்தைக் காட்டி, ‘அண்ணா, இதை அப்படியே தோள்ல போட்டுடுங்க’ என்பான். எதிரே கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டாட்டூ கலைஞருக்கு அந்த ‘அப்படியே’ என்ற வார்த்தையில்தான் தலைவலி ஆரம்பமாகும்.

காவேரிப்பட்டினம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கிறது. வடக்கே கிருஷ்ணகிரி, அதைத் தாண்டினால் ஓசூர், அதற்கப்பால் பெங்களூரு. இந்த ரோட்டில் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை மட்டும் கவனியுங்கள். வெற்றிலை மெல்லும் பாட்டியின் முன்கையில் மங்கிய கோலம், பக்கத்தில் ஒரு தேள். வேட்டி கட்டியவரின் கையில் கட்சிக்கொடி. முப்பத்தைந்து வயதுக்காரரின் தோளில் ‘தல’ என்றோ ‘தளபதி’ என்றோ இரண்டில் ஒன்று. வேலைக்குப் போகும் பெண்ணின் மணிக்கட்டில் குட்டிப் பட்டாம்பூச்சி. காலேஜ் பையனின் முழங்கைக்குக் கீழே நருட்டோவில் வரும் சிவப்பு மேகம். எழுபது, எண்பது வருஷத்து ரசனை ஒரே கம்பியில் தொங்கும்.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு சினிமாவைப் பார்த்து வந்த பைத்தியம்’ என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. பாட்டியின் கையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

பாட்டிக்குப் பச்சை குத்தியது யார்? பெரும்பாலும் குறத்திதான். ஊர் ஊராக வருவார், திண்ணையில் உட்காருவார், தெருப் பெண்கள் சுற்றிக்கொள்வார்கள். அவர்கள் மை தயாரித்த விதத்தைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, அதைத் துணியில் பூசித் திரியாக உருட்டுவார்கள். விளக்கெண்ணெய் ஊற்றிய விளக்கில் அந்தத் திரியை ஏற்றி, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். சட்டியின் உள்பக்கம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை ரெடி. தையல் ஊசிகள் மூன்று நான்கை நூலால் சேர்த்துக் கட்டினால் அதுதான் கருவி. குத்தி முடித்ததும் நிறம் எடுப்பாகத் தெரியவும் வீங்காமல் இருக்கவும் மஞ்சள் தடவுவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் உண்டு. கூலி, ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணாவில் தொடங்கிப் பெரிய வேலைப்பாட்டுக்குப் பன்னிரண்டு அணா வரை. காசு புழங்காத ஊர்களில் அரிசி.

மை கரியால் ஆனது, அதாவது கறுப்பு. பிறகு ஏன் ‘பச்சை’ என்கிறோம்? கறுப்பு மை தோலுக்கு அடியில் போய்விட்டால் மேலே இருக்கும் தோல் வழியாகப் பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையே நம் ஆட்கள் பெயராக வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் கேட்டு வாங்கியது என்ன? கோலம், தேள், மீன், பறவை, பூ, சொந்தக்காரர்களின் பெயர். கணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில், சொல்லாத பெயரைக் கையில் எழுதி வைத்துக்கொண்ட பெண்களும் உண்டு. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டால் கையை நீட்டினால் போதும்! அவர்கள் கண் முன்னால் இருந்தது வாசல் கோலமும் வயல்வெளியும். அவற்றிலிருந்து படம் எடுத்தார்கள். பேரன் கண் முன்னால் இருப்பது செல்போன். அவன் அதிலிருந்து எடுக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது. திரையில் பார்த்த முகத்துக்காக முதலில் கையை நீட்டியது அவர்கள்தான். 1972-ல் கட்சி தொடங்கிய எம்.ஜி.ஆர்., அதன் பிறகு சில வருஷங்களில் தொண்டர்கள் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே அதற்கு முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் குத்திக்கொண்டார்கள். ரசிகர் மன்றமும் கட்சிக் கிளையும் ஒன்றாக இருந்த காலம் அது. குத்திக்கொண்டது கட்சிக்காகவா, படத்துக்காகவா என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்கே முடியாத காரியம்.

பிறகு 2005 செப்டம்பரில் ‘கஜினி’ வந்தது. ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கிய படம். கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமெண்டோ’வில் இருந்த கரு அதில் இருந்தது. ஞாபகம் தங்காத நாயகன், மறக்கக் கூடாததை எல்லாம் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொள்வான். சூர்யாவின் மார்பு முழுக்க எழுத்துகளாக நின்ற அந்தத் தோற்றம் தமிழ்நாட்டில் டாட்டூவுக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம் என்று தாராளமாகச் சொல்லலாம். கிராமத்துக் கிழவிகளின் சமாச்சாரமாகப் பார்க்கப்பட்ட பச்சை, கார்ப்பரேட் முதலாளி வேஷத்தில் வந்த நாயகனின் உடம்பில் ஏறியதும் ‘டாட்டூ’ ஆகிவிட்டது. பெயர் மாறினால் விலையும் மாறும் அல்லவா?

நட்சத்திரங்களும் தங்கள் பங்குக்கு உதவினார்கள். த்ரிஷாவின் நெமோ மீன், ‘ஃபைண்டிங் நெமோ’ கார்ட்டூனில் இருந்து நேராக வந்தது. சமந்தா முதல் தெலுங்குப் படமான ‘ஏ மாய சேசாவே’யின் முதல் எழுத்துகளைப் பின்கழுத்தில் குத்திக்கொண்டார். நயன்தாராவின் கையில் இருந்த ஒரு பெயர், பிற்பாடு ‘பாசிட்டிவிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லாக உருமாறியது. பழைய டாட்டூவை அழிக்காமல், அதன் மேலேயே வேறொன்றாக மாற்றிவிடும் இந்த வேலைக்குக் கடைகளில் ‘கவர்-அப்’ என்று பெயர். காதலர் தினத்துக்கு அடுத்த மாதங்களில் இதற்குத்தான் ஆள் வருகிறது என்று அந்தத் தொழிலில் ஒரு கிண்டல் உண்டு.

எல்லை ஊர்களில் இன்னொரு சுவாரஸ்யம். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் பேசப்படும். ஆகவே அங்கே டாட்டூ கடை நடத்துபவருக்கு மூன்று மொழி ரசிகர்களும் வாடிக்கையாளர்கள். 2021 அக்டோபர் 29-ம் தேதி புனித் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தபோது, கர்நாடகத்தில் ஏராளமானவர்கள் ‘அப்பு’வின் முகத்தை நெஞ்சிலும் கையிலும் குத்திக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று இல்லை என்றானதும் அந்தச் சிரிப்பை எங்கேயாவது பிடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. விசிறித்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாத விஷயம் அது.

இனி அந்த ‘அப்படியே’வுக்கு வருவோம்.

டாட்டூ போடும் மெஷினுக்கே நகல் எடுக்கும் இயந்திரம்தான் பாட்டன். தாமஸ் ஆல்வா எடிசன் 1876-ல் ஒரு மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதத்தில் சன்னமாக ஓட்டை போட்டு, அதன் வழியாக மை தடவிப் பிரதிகள் எடுப்பதற்கான கருவி. அந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு, நியூயார்க்கில் பச்சை குத்திக்கொண்டிருந்த சாமுவேல் ஓ’ரெய்லி 1891-ல் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்துக்கான ஊசி தோலுக்கு வந்தது.

இன்றைக்குக் கடையில் நடப்பதும் முதலில் நகல்தான். செல்போன் படத்தைக் கோட்டோவியமாக மாற்றி, ஊதா நிற ஸ்டென்சில் தாளில் பிரிண்ட் எடுத்து, ரோமம் மழித்துச் சுத்தம் செய்த தோலில் ஒட்டி எடுத்தால் உருவம் பதிந்துவிடும். இதுவரை உள்ள வேலையை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். கற்பனையும் அனுபவமும் தேவைப்படுவது, படத்தை ஸ்டென்சில் ஆக்குவதற்கு முன்னால்.

காரணம், தோல் காகிதம் அல்ல. மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். மை அங்கே தங்காது. அதற்கு அடுத்த அடுக்கில், ஒன்றரை மில்லிமீட்டர் சுமாருக்கு ஊசி இறங்க வேண்டும். குறைந்தால் மை வெளியேறிவிடும். அதிகமானால் உள்ளே கசிந்து கோடு ஊதிப்போகும். இறங்கிய மையை உடம்பு சும்மா விடாது. அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று நோய் எதிர்ப்பு செல்கள் ஓடி வந்து விழுங்கும். விழுங்கினாலும் ஜீரணிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். பிரான்சில் மார்செய் நகரத்து விஞ்ஞானிகள் எலிகளிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அந்த செல்கள் செத்தாலும், அவை விட்டுப்போகும் மையைப் பக்கத்தில் வரும் புதிய செல்கள் எடுத்து வைத்துக்கொள்கின்றன. டாட்டூ நிரந்தரமாக இருப்பதற்கு இந்தக் கைமாற்றம் ஒரு காரணம். வருஷங்கள் போகப் போக மைத்துகள்கள் மெல்ல அங்கே இங்கே நகரவும் செய்யும். கூர்மையான கோடு தடித்துவிடும். நெருக்கமான இரண்டு கோடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும்.

ஆகவே நல்ல கலைஞர் இன்றைய படத்தை வரைவதில்லை. இன்னும் இருபது வருஷம் கழித்து அந்தப் படம் எப்படித் தெரியும் என்று யோசித்து வரைகிறார். விஜய்யின் முகத்தை ஐந்து ரூபாய் நாணயம் அளவில் கேட்டால், முடித்த அன்றைக்கு போட்டோவில் அற்புதமாக இருக்கும். லைக் குவியும். பத்து வருஷத்தில் கண்ணும் புருவமும் கலந்து, யாரோ ஒருவர் ஆகிவிடுவார். முகம் வேண்டுமானால் உள்ளங்கை அளவாவது இடம் வேண்டும், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடைவெளி விட வேண்டும். ‘சின்னதா போதும்ணா’ என்பவரிடம் இதைப் பேசிப் புரியவைப்பதும் தொழிலில் சேர்த்திதான்.

இங்கேதான் பாட்டியின் கை ஞாபகத்துக்கு வருகிறது. அறுபது வருஷம் வெயிலில் காய்ந்து, சுருங்கி, நரம்பு புடைத்த பிறகும் அந்தக் கோலமும் தேளும் என்னவென்று தெரிகின்றன. குறத்தி நிழல் போடவில்லை. தடித்த கோடு, விலகி நிற்கும் புள்ளி, நடுவில் தாராளமான வெற்றுத்தோல். கோடு ஊதினாலும் உருவம் கெடாத வடிவம். ஊசியைக் கட்டி வைத்துக்கொண்டு வெளிச்சம் போதாத திண்ணையில் வேலை செய்தவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த வடிவமைப்பு அது. டிசைன் படித்தவர்கள் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

நிறம் இன்னொரு சிக்கல். நருட்டோவின் உடை ஆரஞ்சு. டிராகன் பாலில் உருமாறிய கோக்குவின் முடி பளீர் மஞ்சள். ஜப்பானில் தாளில் வரைந்து, டிவியில் தமிழ் டப்பிங்கில் பேசி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையனின் மாநிறக் கைக்கு வந்து சேரும்போது அந்த மஞ்சள் எடுபடாது. நம் தோலின் நிறமி மைக்கு மேலே இருக்கிறது. கலர் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி. மஞ்சள், வெள்ளை, வெளிர் நிறங்கள் கொஞ்ச நாளில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். கறுப்பும் அடர் சிவப்பும் நிற்கும்.

ஆகவே படத்தை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. ஆரஞ்சு உடையைக் கறுப்புக் கோடுகளின் அடர்த்தியால் காட்டுவது, வெள்ளையாக வர வேண்டிய இடத்தில் மை வைக்காமல் தோலையே வெளிச்சமாக விட்டுவிடுவது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு. நருட்டோவின் சிவப்பு மேகம் இங்கே இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு, நம் தோலுக்கு அது பொருந்துவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘ஒன் பீஸ்’ லூஃபியின் வைக்கோல் தொப்பியைக் கேட்கும் பையனிடம் மஞ்சளை விட்டுவிட்டு, தொப்பியின் சிவப்புப் பட்டையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லும் கலைஞர் அசல் படத்துக்குத் துரோகம் செய்யவில்லை. அந்தக் கைக்கு நியாயம் செய்கிறார்.

தமிழ் எழுத்தில் டாட்டூ போடுவது இதைவிடச் சள்ளை பிடித்த வேலை. ‘அம்மா’வில் புள்ளி விட்டுப்போனால் ‘அமமா’. ன, ண, ந-வில் ஒன்று இடம் மாறினால் காதலியின் பெயரே வேறொருத்தியின் பெயராகிவிடும். செல்போனில் அனுப்பிய எழுத்து கடைக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறுவதும் நடக்கும். தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலக் கலைஞரிடம் போகிறவர்கள், ஸ்டென்சில் ஒட்டியதும் கண்ணாடியைப் பார்த்து எழுத்துக்கூட்டக் கூடாது. கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். கூட வந்தவரை நேராகப் படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ண, ஞ, ஷ போன்ற சுழி எழுத்துகளைப் பொடியாக எழுதினால் சில வருஷத்தில் சுழி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தமிழ் எழுத்தைப் பெரிதாக, கட்டடப் பலகையில் எழுதுவதுபோல் விரித்து எழுதுகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தில் சுவர் விளம்பரம் எழுதியவர்களின் கை எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். டாட்டூவுக்கு ஏற்ற எழுத்துரு அங்கே தயாராக இருக்கிறது. என்ன, ஃபிளெக்ஸ் வந்து அவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருந்தால் அடுத்த விஷயத்தை அவசியம் படியுங்கள். ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போக வேண்டும் என்று விடியற்காலையில் கிரவுண்டில் ஓடும் பிள்ளைகள் வட மாவட்டங்களில் நிறையப் பேர். இந்திய ராணுவத்தில் சேர, முன்கையின் உள்பக்கம் முழங்கை முதல் மணிக்கட்டு வரையிலும், புறங்கையிலும் மட்டும்தான் நிரந்தர டாட்டூ இருக்கலாம். வழக்கப்படி பச்சை குத்தும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. மத்திய ஆயுதப் படைகளின் விதி இன்னும் நுணுக்கமானது. இடது முன்கையின் உள்பக்கமோ புறங்கையோதான். அளவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். ஏன் இடது? சல்யூட் அடிக்கும் கை வலது.

இது தெரியாமல் பதினெட்டு வயதில் புஜத்தில் ஹீரோவின் முகத்தைப் போட்டுக்கொண்டு, இருபது வயதில் மருத்துவப் பரிசோதனையில் வெளியே அனுப்பப்படும் பிள்ளைக்கு எந்த ஹீரோ வந்து ஆறுதல் சொல்வார்? லேசரில் எடுக்கலாம்தான். பல முறை போக வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி விட வேண்டும், போட்ட காசைப்போல் பல மடங்கு ஆகும், தழும்பும் நிற்கலாம். கறுப்பு ஓரளவு போகும், பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும். எனவே ஸ்டென்சில் எடுப்பதற்கு முன்னால் ‘தம்பி, செலக்‌ஷனுக்கு எதுக்காவது ட்ரை பண்றியா?’ என்று ஒரு கேள்வி கேட்கும் கலைஞர், அன்றைய வருமானத்தை இழந்தாலும் ஒரு வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கிறார். பதினெட்டு நிறையாதவர்களுக்கு நல்ல கடைகளில் ஊசியே எடுப்பதில்லை.

எந்தப் படம் கேட்டாலும், எது கேட்டாலும் செய்துவிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் திருச்சி மேலச்சிந்தாமணியில் டாட்டூ கடை நடத்தியவர், நாக்கைப் பாம்பு நாக்குபோல் இரண்டாகப் பிளக்கும் வேலையை மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாமல் செய்து, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகவும் போட்டார். போலீஸ் கைது செய்தது, கடைக்கு சீல் வைக்கப்பட்டது. ஊசி பிடிக்கத் தெரிந்த கைக்குக் கத்தியும் தெரியும் என்று நம்பியது ஒரு தப்பு. அதை நம்பிப் படுத்தது இன்னொரு தப்பு.

சுத்தம் பற்றி நீட்டி முழக்க வேண்டாம், வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஊசி உங்கள் கண் முன்னால் புதுப் பாக்கெட்டில் இருந்து பிரிக்கப்பட வேண்டும், மை சின்ன மூடியில் தனியாக ஊற்றப்பட்டு மிச்சம் கொட்டப்பட வேண்டும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியில் பத்துப் பேருக்குக் குத்துவார்கள். மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் அந்த வழியாக வரக்கூடும். டாட்டூ போட்டுக்கொண்டவர் ஓராண்டு ரத்ததானம் செய்யக் கூடாது என்று வைத்திருப்பது அதனால்தான். மையிலும் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பரவலாகப் புழங்கிய ஒரு நீல நிறமிக்கும் ஒரு பச்சை நிறமிக்கும் தடை விழுந்தது. ‘பச்சை’ குத்துவதில் பச்சைக்கே தடை! பக்கத்துக் கர்நாடகத்திலும் 2025 தொடக்கத்தில், டாட்டூ மைகளில் உலோகங்கள் கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, மத்திய அரசு இதற்குத் தரக்கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும் என்று சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் வலியுறுத்தினார்.

இத்தனைக்கும் நடுவில் இன்னொரு வகை வாடிக்கையாளர் மெதுவாக எட்டிப்பார்க்கிறார். இவர்கள் செல்போனில் காட்டுவது சினிமாவும் அனிமேவும் அல்ல. பாட்டியின் கை. ‘இதே கோலம் எனக்கும் வேணும்’ என்பார்கள்.

உலகத்திலேயே அந்தக் காற்று இப்போது அடிக்கிறது. பிலிப்பைன்ஸ் மலைக்கிராமமான புஸ்கலானில் வாங்-ஓட் என்ற பாட்டி, மரத்து முள்ளையும் கரியையும் வைத்துக் கையாலேயே பச்சை குத்துபவர். 2023 ஏப்ரலில் ‘வோக்’ பத்திரிகையின் பிலிப்பைன்ஸ் பதிப்பு அவரை அட்டைப்படத்தில் போட்டது. அப்போது அவருக்கு 106 வயது. சினிமா நட்சத்திரங்கள் நிற்கும் இடத்தில் ஒரு பச்சை குத்தும் கிழவி! தன் பேத்தி முறைப் பெண்களுக்கு அவர் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டார். நம் வடகிழக்கில், மணிப்பூரைச் சேர்ந்த மோ நாகா ஃபேஷன் டிசைன் படித்துவிட்டு டாட்டூவுக்கு வந்தவர். நாகா கிராமங்களில் முதியவர்களின் உடம்பில் மட்டும் மிச்சமிருந்த உருவங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்து, அவற்றிலிருந்து புதிய வடிவங்களை உருவாக்குகிறார்.

நம் குறத்திகளை எந்தப் பத்திரிகையும் அட்டையில் போட்டதில்லை. அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வரைந்தது எல்லாம் கைகளில்தான் இருக்கிறது. அந்தக் கைகளும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகின்றன. காவேரிப்பட்டினம் சந்தையில் தக்காளிக்கூடை இறக்கும் ஒரு கையில் இருக்கும் கோலம், மாவட்டத்தில் வேறு யார் கையிலும் இல்லாததாக இருக்கலாம்.

அதனால் பாட்டியின் கையைக் கேட்டு வரும் பேத்திக்குக் கலைஞர் முதலில் வேலை வைப்பார். சுருங்கிய தோலின் போட்டோவை வைத்து ஸ்டென்சில் போட முடியாது. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குழம்பும். பாதிப் புள்ளிகள் மடிப்புக்குள் போயிருக்கும். ‘ஊருக்குப் போய் பாட்டியையே வாசல்ல இந்தக் கோலத்தைப் போடச் சொல்லுங்க. எத்தனை புள்ளி, எத்தனை வரிசைன்னு எண்ணி எழுதிட்டு வாங்க. அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்லி அனுப்புவார்.